நாங்க பாக்காத புலியா!

மலாக்காவில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தை உலுக்கினாலும் ஒரு புலி விழும். அந்தப் புலியை நேருக்கு நேர் கண்டவர், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் தைலப்புட்டி, மூக்குக்கண்ணாடி, நேற்றைய நாலு நம்பர் சீட்டு. அவர் இருக்கும் இடத்தில் காட்டைப் பற்றி, மிருகத்தைப் பற்றி, ஏன், பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிக்கூட யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், “நாங்க பாக்காத புலியா?” என்று தொடங்கிவிடுவார்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் அத்தை வீட்டுக்காரர். ஆசகான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு மண்டோராகி, அப்படியே ஓய்வு பெற்றவர். அவருடைய புலிக்கு எங்களோடு சேர்ந்து வயதாகிறது. நான் முதன்முதலில் கேட்டபோது அது பத்து நிரைக்கு அப்பால் நின்றது. விடியாத நேரம், மாமாவின் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. நான் எஸ்பிஎம் எழுதிய வருஷம் அது மூன்று நிரை நெருங்கி வந்துவிட்டது. என் கல்யாணத்தன்று ஒரே மரம்தான் இடையில். போன தீபாவளிக்கு மங்கில் இருந்த பாலை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனது. அத்தை அப்போதும் எதுவும் சொல்லவில்லை. முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பள்ளி விடுமுறைக்கு ஆயர் குரோ மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் சொன்னதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“காசு குடுத்துக் கொரங்கு பாக்கணுமா? செம்பனைக்குள்ள போயி நில்லு, கொரங்கு வந்து ஒன்னைப் பாக்கும். சும்மா.”

இப்படிச் சொன்னவர்தான் மறுநாள் காலை ஆறரைக்குச் சப்பாத்து மாட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, என் கஞ்சில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் இன்னும் பசியாறவில்லை. கஞ்சில் என்பது 1994இல் வந்த பெரோடுவா வண்டி. 660 சிசி. அதில் ஆறு பேரும், இரண்டு கூடை நாசி லெமாக்கும், ஒரு மீலோ பிளாஸ்கும், மாமாவின் அனுபவமும் ஏறின. மேட்டில் வண்டி முக்கியது அந்தக் கடைசிச் சாமானால்தான் என்று நினைக்கிறேன்.

ஆயர் குரோ சாலை ஓரமாக, மரங்களுக்கு நடுவே 54 ஏக்கரில் பரந்து கிடக்கிறது இந்த இடம். நுழைந்த பத்து நிமிஷத்தில் மாமாவின் முறை புரிந்துவிடும். அவர் பலகையைப் படிக்க மாட்டார். பலகை எழுதியவன் ஆபீஸ்காரன், காட்டுக்குள் போகாதவன். அதனால் ஒவ்வொரு கூண்டுக்கும் மாமாவே ஒரு பலகை. பின்னால் வரும் அந்நியக் குடும்பங்களும் அந்தச் சத்தத்துக்கு நின்று கேட்டன. கூட்டம் சேரச் சேரக் குரல் ஏறும்.

முள்ளம்பன்றிக் கூண்டு. “இது இஞ்சி நெறையாப் போட்டு வெக்கணும்.”

காட்டுப்பன்றி. “இது வாட்டினாத்தான் ருசி. கொழம்பு வெச்சா வீணு.”

சருகுமான். மாமா குனிந்து, கைகளை முட்டியில் ஊன்றி, நெடுநேரம் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத, குச்சிக் கால் பிராணி. கண் மட்டும் பெரிசு. மலாய்க்காரர்கள் பெலாண்டோக் என்றும் கஞ்சில் என்றும் சொல்வது இதைத்தான். நாங்கள் வந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த புண்ணியவதியும் இதுவே. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டை நாயை இது ஒரே உதையில் ஆற்றில் தள்ளியதாம். இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு துணிச்சல் என்றால் இந்த மண் சாதாரண மண் இல்லை என்று அங்கேயே ஊரை நிறுவி, சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே வைத்தார் என்பது கதை. அந்த மரம் நம் நெல்லிமரம்தான். இன்றைக்கும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் எழுந்து நிற்கின்றன.

பரமேஸ்வரா இதைப் பார்த்து ஒரு ஊரைக் கண்டார். மாமா இதைப் பார்த்து ஒரு சட்டியைக் கண்டார்.

“கறி கொஞ்சந்தான் தேறும். ஆனா பஞ்சு மாதிரி…”

நான்காம் ஆண்டு படிக்கும் பேத்தி நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, மெதுவாப் பேசுங்க. புடிச்சுட்டுப் போயிருவாங்க.” 2010இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. “அது அம்பது வருஷத்துக்கு முந்தி ஆயி. அப்பச் சட்டம் ஏது?” என்று மாமா சொன்னார், ஆனால் குரல் இறங்கிவிட்டது. அடுத்த மூன்று கூண்டுகளுக்குச் சமையல் குறிப்பு வரவில்லை.

தாப்பிர் இருந்த இடத்தில் மாமா மறுபடி உயிர்பெற்றார். முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை, தொங்கும் மூக்கு.

“இந்தா பாரு, காண்டாமிருகம்.”

“தாத்தா, அது தாப்பிர். போர்டுல போட்டிருக்கு.”

“சின்ன வயசுல இப்படித்தான் இருக்கும். வளந்தாத்தான் கொம்பு.”

இதில் மாமாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. காண்டாமிருகத்துக்கு மலாயில் பாடாக். தாப்பிரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பாடாக் தம்போங் என்பவர்கள் உண்டு. ஓடையில் பாடாக்கைப் பார்த்தேன் என்று மாமா பல வருஷமாகச் சொல்லி வந்தது எந்தப் பாடாக் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆனால் நிரூபிக்க வழியில்லை. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் கண்ணை மூடியதோடு மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் முடிந்துபோயிற்று. மாமாவை மறுத்துச் சாட்சி சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆந்தைகள் இருந்த பக்கம் வந்தபோது பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்துவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடியது. மாமா மட்டும் கூகையின் முன்னால் நின்றார். வெள்ளை முகம், இதய வடிவத்தில். அது ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம ஆளு,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு, நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்று தெரிந்தும் சொன்னார். செம்பனைக்கு எலிதான் சத்துரு. பழுக்கிற குலையைக் கடித்துக் குதறிவிடும். மருந்து வைத்து மாளவில்லை. கம்பத்தின்மேல் மரப்பெட்டி அடித்துக் கூகையைக் குடிவைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பத்து எக்டேருக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. ஆட்கள் பெட்டியைத் தூக்கவே மாட்டேன் என்றார்களாம். கூகை அலறினால் சாவு விழும் என்று நம்புகிற சனம், அதற்கு வீடு கட்டிக் கொடுக்குமா? முதல் நாலு பெட்டியை மாமாவே தூக்கி நட்டாராம். வாரம் ஒருமுறை பெட்டிக்கு அடியில் போய்ப் பார்ப்பது மண்டோர் வேலை. கூகை எலியை அப்படியே விழுங்கி, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிப் போட்டுவிடும். கறுப்பாக, கட்டை விரல் பருமனுக்கு, காய்ந்தால் பஞ்சுபோல. அதைக் குச்சியால் பிரித்து மண்டையோட்டை எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

“பல்லு மஞ்சளா இருக்கும் மாப்ள, ஊசி கணக்கா. ஒரு உருண்டையில மூணு மண்டைகூட எண்ணியிருக்கேன். குஞ்சு இருக்கிற பெட்டின்னா அடியில நடக்க முடியாது, அவ்வளவு கெடக்கும். ஒருக்கா எலிமருந்தையும் வெச்சுட்டானுங்க. மருந்து தின்ன எலியை இது தின்னுச்சு. ஒரே மாசத்துல ஏழு பெட்டி காலி.”

விரலை விட்டு ஏழு என்று காட்டினார். பத்தாக்கவில்லை, இருபதாக்கவில்லை. எனக்கே சந்தேகமாகிவிட்டது, உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று. அதற்குள் பேரன் ஐஸ்கிரீம் வழிய ஓடிவந்து, “தாத்தா, புலி! புலி அந்தப் பக்கம்!” என்றான். மாமா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். நாற்பது வருஷப் புகழுக்கு இன்றைக்குத் தேர்வு.

காட்டில் இருக்கும்போது இதன் பெயரைச் சொல்லக் கூடாது. தோக் பெலாங், அதாவது வரித்தாத்தா, என்று மலாய்க்காரர்கள் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இந்த நாட்டுப் புலி தனி வகை என்று 2004இல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, ஜாக்சன் என்ற வெள்ளைக்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். மாமாவிடம் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார். பெயருக்கும் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். நாட்டின் சின்னத்தில் இரண்டு நிற்கின்றன. காட்டில் நூற்றைம்பதுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு தீபாவளி இரவில் மலாக்காவில் மட்டும் அதைவிடக் கூடுதலாக உலவும்.

நியாயமாகப் பார்த்தால் அதன் வீட்டுக்குள் போனது நாம்தான். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டு, பின்பு புக்கிட் ஆசகானில் காட்டை வெட்டி மூவாயிரம் ஏக்கருக்கு விரித்த நாளிலிருந்து, பால் வெட்டப் போனவர்கள் அதன் கொல்லைப்புறத்தில்தான் உளி பிடித்தார்கள்.

புலி மல்லாந்து படுத்திருந்தது. நாலு காலும் மேலே. வயிறு ஏறி இறங்கியது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. “இதெல்லாம் ஒரு புலியா? எங்க தோட்டத்துல…” என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, அது புரண்டு எழுந்தது. அவசரப்படாமல் இரண்டடி முன்னால் வந்து, கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், மாமாவை மட்டும் பார்த்தது. உறுமவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.

மாமா கதையை அந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு, யாருக்கோ வழிவிடுகிறவர்போல மெதுவாகப் பின்வாங்கி அத்தைக்குப் பின்னால் போய் நின்றார். “வெயிலு ஏறுது. பிள்ளைங்களுக்குப் பசிக்கும்,” என்றார்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் புலி வெறுத்துப்போய் மறுபடி படுத்துக்கொண்டது.

மரத்தடி பெஞ்சில் அத்தை பொட்டலங்களைப் பிரித்தார். மாமா கைகழுவப் போனவர் போனவர்தான். தூரத்தில் பாதுகாவலர் ஒருவரிடம் எதையோ கையை விரித்து அளந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் நெத்திலிச் சம்பலை எடுத்துக்கொண்டே, “பாவம் அத்தை, மாமாவோட புலி இன்னைக்குச் செத்துப்போச்சு. வாழ்க்கையில ஒரு புலியும் பாத்திருக்க மாட்டாரு, இல்ல?” என்றேன்.

அத்தை வாழையிலையிலிருந்த சோற்றை உதிர்த்துப் பேரனுக்கு உருட்டிக் கொடுத்தார்.

“அவரு பாக்கல. ஆனா வந்துச்சு.”

“எப்ப?”

“ஒன் பெரிய மச்சான் வயித்துல ஏழு மாசம். அன்னைக்கு இவருக்குக் காச்சல், பெரட்டுக்கே வரல. நான் ரெண்டு நிரை வெட்டிட்டுத் திரும்புறேன், பக்கத்து நிரையில நிக்குது. இதவிடச் சின்னது. மழையில நனைஞ்சு, எலும்பு தெரிஞ்சுச்சு. நான் வாளியைக் கீழ வெச்சேன். அது என்னையப் பாத்துச்சு, வாளியப் பாத்துச்சு. போயிருச்சு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“மிச்ச மரத்தையும் வெட்டினேன். வெட்டலன்னா அரைப்பேருதான போடுவான்.”

தூரத்தில் மாமாவின் கை இன்னும் கொஞ்சம் அகலமாக விரிந்தது. பாதுகாவலர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னேனே,” என்றார் அத்தை, சம்பலை என் பக்கம் நகர்த்தி வைத்து. “அவருகிட்டதான்.”