தும்மல் இலாகா மந்திரி

ஓய்வூதியம் கைக்கு வந்த மறுமாதமே சில ஆண்களுக்கு ஓர் இலாகா தேவைப்பட்டுவிடுகிறது. ஒரு சாரார் கோயில் பரிபாலன சபையில் போய் விழுகிறார்கள். இன்னொரு சாரார் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாட்டை நடத்துகிறார்கள். நான் சொல்ல வந்தவர் வீட்டோடு தங்கிக் குடும்பத்தின் சுகாதாரத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்ளும் ரகம். உக்குவளை, ரத்தோட்டை, பலாபத்வளை என்று மாத்தளையைச் சுற்றி எந்த வீதிக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். சாரத்தை மடித்துக் கட்டி, முன்வாசல் கதிரையில், காதை மட்டும் வீட்டுக்குள் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது தும்மினால் கேட்க வேண்டுமே.

வீட்டு மனிதர்கள் லேசில் அகப்படுவதில்லை. பேரனுக்குக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணீரைக் குரோட்டன் செடி குடிக்கிறது. மனைவி தன் தும்மலை முந்தானைக்குள்ளேயே அமுக்கிவிடுகிறார். மாசமாக இருக்கும் மருமகள், "எனக்குத்தான் கிளினிக் இருக்கே மாமா" என்று நழுவிவிடுகிறாள். மிஞ்சுவது பூனை. அதற்கும் ஓடத் தெரியும்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டுமே!

பூனையின் பெயர் சுந்தரி. அதன் தும்மலுக்கென்றே தனியாக ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. கோடு போட்டு மூன்று கட்டம்: நேரம், எண்ணிக்கை, தன்மை. 'காலை 6.10, மூன்று, ஈரம்.' 'பகல் 12.40, ஒன்று, வறட்சி.' 'பின்னேரம் 3.00, ஐந்து, சந்தேகம்.' சந்தேகம் என்றால், தும்மியது சுந்தரியா பக்கத்து வீட்டுக் கிழவியா என்று தெளிவாகவில்லை என்று பொருள். நடுவில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பூனை தும்மியதும் மனைவி பழக்கதோஷத்தில் "நூறு" என்று சொல்லிவிடுவார். இவருக்கு எண்ணிக்கை தவறிவிடும். இன்னொரு சங்கடத்தை அவர் ஒப்புக்கொள்வதேயில்லை. சுந்தரியை இறுக்கிப் பிடித்து அதன் மூக்கைச் சோதிக்கும்போதெல்லாம் தும்முவது அவர்தான். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம், பூனை நக்கிய உடம்பு காயும்போது தூசியாகிக் காற்றில் பறக்கும். ஒவ்வாமைக்காரர்களுக்கு அதுவே போதும். அந்தத் தும்மல்களும் சுந்தரியின் கணக்கிலேயே ஏறுகின்றன.

இதே மனிதருக்குப் பிரஷர் உண்டு. அவருடைய கிளினிக் கொப்பியில் போட்டிருந்த திகதி எப்போதோ தாண்டிவிட்டது. கேட்டால், "எப்படிப் போறது? சுந்தரிக்கு ராவு பூரா மூக்கடைப்பு" என்பார்.

பூனை ஏன் தும்முகிறது என்று வெளியூர்க்காரர்கூட ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். மாத்தளை மிளகும் கராம்பும் ஏலமும் சாதிக்காயும் விளையும் மண். பறித்த மிளகு முற்றத்துப் பாயில் காய்கிறது. வெயிலில் சூடேறிய அந்தப் பாயை விட்டுவிட்டு எந்தப் பூனை வேறெங்கே போய்ப் படுக்கும்? சுந்தரி புரண்டு படுத்திருக்க, பக்கத்திலேயே மனைவி சுளகில் மிளகைப் போட்டுப் புடைக்கிறார். சாவியும் தூசியும் எழும்பிப் பறக்கின்றன. பூனை எழுந்து உடம்பை ஓர் உதறு உதறி அடுக்கடுக்காகத் தும்முகிறது. மந்திரி கொப்பியைத் திறந்து எழுதுகிறார்: 'நக்கிள்ஸ் மலைப் பனி ஒத்துக்கொள்ளவில்லை.'

நோயைக் கண்டுபிடித்த பிறகு வைத்தியத்துக்கு என்ன குறை? முதலில் சாம்பிராணி. ஜன்னலைச் சாத்தி, பூனையையும் உள்ளே வைத்து, சட்டியில் தணல் போட்டு, ஊரே மணக்கப் புகை. சுந்தரி அலுமாரி உச்சியில் ஏறி நின்று, கொப்பியின் பக்கம் போதாதபடி தும்மிற்று. அடுத்து, தலையிடிக்குப் பூசும் தைலம். யூக்கலிப்டசும் கற்பூரமும் மனிதரின் மூக்கைத் திறக்கலாம். பூனைக்கு அவை நஞ்சு. தோலில் பூசியதையெல்லாம் அது நக்கியே வயிற்றுக்குள் தள்ளிவிடும். நல்லவேளையாகச் சுந்தரி அவர் புறங்கையில் ஐந்து கோடு போட்டுவிட்டு வேலி தாண்டிவிட்டது. தைலம் அந்தக் கீறலுக்குப் போயிற்று.

மூன்றாவது முயற்சிதான் வில்லங்கம். பனடோல் குளிசையைக் கரண்டியால் பாதியாக உடைத்து மீன் துண்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"குழந்தைக்குக்கூட அரைதான் குடுக்கிறோம்."

மருமகள் கோப்பையையே பிடுங்கிக்கொண்டு போனாள். அவள் செய்தது சரி. பரசிற்றமோலைச் சமாளிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், முரசு நிறம் மாறி, அந்த அரைக் குளிசையிலேயே பூனை செத்துப்போகக் கூடும். மந்திரிக்கு வந்த கவலை வேறு. அறுக்குளா மீன் வீணாய்ப் போயிற்றாம்.

சகுனப் பிரச்சினையும் உண்டு. வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. பூனை குறுக்கே போவதும் ஆகாது. குறுக்கே போகும் பூனையே தும்மினால் எந்தச் சாத்திரத்தில் பரிகாரம் தேடுவது? திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார். மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வந்துவிட்டன. இவர் இன்னும் வீட்டுக்குள் செம்பும் கையுமாக இருந்தார்.

கடைசியில் பேராதனைக்குப் போவதென்று முடிவாயிற்று. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் அது. அங்கே போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. பூனையைக் கூடைக்குள் வைத்து, மேலே துவாயைப் போட்டு மூடி, கணவனும் மனைவியும் கண்டி பஸ்ஸில் ஏறினார்கள். அக்குறணையில் வழக்கம்போல வாகன நெரிசல். கூடைக்குள்ளிருந்து ஒரு தும்மல். 2020க்குப் பிறகு பஸ்ஸில் தும்மல் சத்தம் கேட்டால் சனம் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூனை இருக்கிறது என்று தெரிந்தால் கண்டக்டர் இறக்கிவிடுவாரோ என்ற பயம். மந்திரி சட்டென்று லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தும்மலுக்கும் துடைத்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் அவரைச் சுற்றி மூன்று சீட் காலி.

வைத்தியர் இளம் பெண். கொப்பியை முழுவதும் புரட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை. குட்டியாக இருக்கும்போது வந்த தடிமன் இது என்றார். பூனைத் தடிமனுக்குப் பெரும்பாலும் ஹேர்பீஸ் வகை வைரஸ் ஒன்றும் கலிசி வைரஸும்தான் காரணம். அவை மனிதருக்குத் தொற்றாது. ஹேர்பீஸ் ஒருமுறை புகுந்தால் நரம்புக்குள் பதுங்கி ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். மஞ்சள் சளியோ கண்ணில் பீளையோ வந்தால், சாப்பாட்டை வெறுத்தால் உடனே கொண்டுவர வேண்டும். புகையையும் மிளகுத் தூசியையும் கிட்டவே விடக்கூடாது.

"பூனை பயந்தாலோ அலைக்கழிஞ்சாலோ அந்த வருத்தம் திரும்பத் தலைகாட்டும். வீட்டுல யாராவது அதைத் தொந்தரவு பண்றாங்களா?"

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மந்திரி பேச்சை மாற்றினார். "மருமக மாசமா இருக்கா டாக்டர். தும்மல் அவ மேல பட்டா?"

"தும்மலால ஒண்ணுமில்ல. மணல் பெட்டியிலதான் கவனம் வேணும்." சில பூனைகளின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கும், அது கருவைப் பாதிக்கலாம். வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் அவை தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தினமும் அள்ளிவிட்டால் பயம் குறைவு. அரைவேக்காட்டு இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் அதே கவனம் வேண்டும். "மருமக அள்ளக்கூடாது. வேற ஒருத்தர், கையுறை போட்டு, தவறாம அள்ளணும்."

"இவரு சும்மாதான் இருக்காரு டாக்டர்" என்றார் மனைவி. வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

மறுநாள் காலை மந்திரி ஒரு கையில் உறையும் மறுகையில் சிரட்டையுமாக மணல் பெட்டிக்கு முன் குந்தினார். அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய சுகாதாரக் கொள்கை அடியோடு மாறிவிட்டது. "பூனைங்கிறது வெளியில வளர வேண்டிய சீவன். வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறதே தப்பு" என்று வீதியில் போகிறவர்களை நிறுத்திச் சொல்கிறார். சீ.ஆர். கொப்பியை இப்போது பேரன் எடுத்துக்கொண்டான். அடிமட்டம் வைத்துப் புதுப் பக்கத்தில் மணல் பெட்டிக்கென்று அதே மூன்று கட்டங்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நேரமும் எண்ணிக்கையும் ஒழுங்காக நிரம்புகின்றன. தன்மை என்ற கட்டத்தில் மட்டும் மந்திரி இதுவரை ஒன்றும் எழுதவில்லை.