அன்று ஊக்கத்தொகை, இன்று கல்விக்கடன்

1980-களின் தொடக்கத்தில், தென்மாவட்டம் ஒன்றின் அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். படிக்க நாங்கள் பணம் கட்டவில்லை; அரசுதான் எங்களுக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை கொடுத்தது. மெஸ் பில் போக மிஞ்சியதை வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிய தோழிகள் உண்டு. படித்து முடித்தால் அரசு வேலை என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

வசதிகள் குறைவு. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத்தான் ஊசி போட வேண்டும். நைட் டியூட்டியில் வார்டு அடங்கியதும் காஸ் துணியை வெட்டி, மடித்து, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு முன்னால் நிற்பார், நாங்கள் சுவரோரம். இரவு முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருந்தது நாங்கள்தான் என்றாலும், கேட்டால் ஒழிய வாய் திறப்பதில்லை.

எங்களைப் பேச வைத்தது எஸ்.என்.ஏ. என்ற மாணவர் செவிலியர் சங்கம். கிளைச் செயலாளரை மாணவிகளே தேர்ந்தெடுப்போம். கூட்டக் குறிப்பு எழுதுவது, தீர்மானம் முன்மொழிவது, வரவு செலவுக் கணக்கு வாசிப்பது எல்லாம் அங்கே கற்றவை. கண்காட்சிக்குச் சார்ட் வரைந்து, சர்க்கரை நோயாளி எதைச் சாப்பிடலாம், கால்புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பார்க்க வந்தவர்களுக்கு விளக்குவோம். சுவரோரம் நின்றவள் நாலு பேர் முன்னால் காரண காரியத்தோடு பேசினாள்.

நூலகத்துக்கு ‘நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா’ வரும். தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்த எங்களுக்கு அந்த ஆங்கிலம் மிரட்டலாக இருந்தது. டியூட்டர் அக்கா ஒருவர் மாலையில் உட்கார வைத்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லித் தருவார். வேறு ஊர் நர்ஸ் ஒருவர் தன் வார்டில் பார்த்ததைக் கட்டுரையாக எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நர்ஸும் எழுதலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த இதழ் 1910 முதல் வருகிறது. அதை நடத்தும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின், அதாவது டி.என்.ஏ.ஐ.யின், வேர் 1905-இல் லக்னோவில் கூடிச் சங்கம் அமைத்த செவிலியர் கண்காணிப்பாளர்களிடம் இருக்கிறது. 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. 1922-இல் இரண்டும் ஒன்றாயின. 1929-இல் மாணவர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் கிளை சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அமைந்தது. பயிற்சிக்கு நாடு முழுதும் ஒரே தரம் வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது 1947-இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நர்ஸுகள் தாங்களாகக் கூடிவிட்டார்கள்.

இன்று நர்சிங் கல்லூரிக்குள் போனால் மனம் நிறைகிறது. ஸ்கில் லேபில் பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகிய பிறகே பிள்ளைகள் நோயாளியைத் தொடுகிறார்கள். ஆண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை வழி திறந்திருக்கிறது. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் மட்டும் தொடங்கிய பட்டப்படிப்பு இப்போது மாவட்டந்தோறும் கிடைக்கிறது.

ஆனால் தனியார் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஊக்கத்தொகை இருந்த இடத்தில் கல்விக்கடன் நிற்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். பாண்டு எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் கடன் தவணையும் விடுதி வாடகையும் போனால் ஊருக்குப் போகப் பஸ் காசுகூட மிஞ்சாது. எங்களைவிட அதிகம் படித்தவள், எங்களைவிட நிச்சயமில்லாத வாழ்க்கைக்குள் போனாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இங்கேதான் சங்கத்தின் அருமை மறுபடி புரிந்தது. தனியார் மருத்துவமனை நர்ஸுகளின் நிலையைச் சொல்லி டி.என்.ஏ.ஐ. 2011-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜனவரியில் நீதிமன்றம், இதற்கென ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தெளிவாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது: 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, மாநில அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதற்கும் சிறிய இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. பல ஊர்களில் இது இன்னும் தாளில்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கப் போகிறவள் கையில் பிடித்துக்கொண்டு போக ஒரு தாள் இருக்கிறது. எங்கள் காலத்துத் தனியார் மருத்துவமனை நர்ஸுக்கு அதுவும் இல்லை.

சங்கச் சந்தா பல இடங்களில் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்ந்தே வசூலாகிறது. தான் எஸ்.என்.ஏ. உறுப்பினர் என்பதே தெரியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சான்றிதழுக்காக மட்டும் மாநாட்டுக்குப் போகாதீர்கள். கிளைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள், ஒரு தீர்மானமாவது எழுதிப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் டி.என்.ஏ.ஐ. உறுப்பினராக மாறிக்கொள்ளுங்கள். 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்து, பழைய கவுன்சிலின் இடத்துக்குப் புதிய அமைப்பு வருகிறது. பாடத்திட்டமும் பயிற்சி நேரமும் இனி அங்கே முடிவாகும். நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் நின்றவர்களின் அனுபவம் அங்கே எட்ட வேண்டுமானால், அதைக் கொண்டுபோய்ச் சொல்லும் சங்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.