சட்டத்துக்கு மாமா முறை

கூட்டுக் குடும்பம் அழிந்துவிட்டது என்று அழுகிறவர்கள் 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டத்தைப் படித்து ஆறுதல் அடையலாம். அப்பா அம்மாவில் தொடங்கி, உடன்பிறந்தோர், அத்தை, பெரியப்பா, சித்தப்பா, மாமா, பெரியம்மா, சித்தி வரை ஒருவர் விடாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு பேர் விட்டுப்போய்ச் சண்டை வரும், சட்டத்தில் வரவில்லை. கூப்பிட்டது விருந்துக்கு அல்ல. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். ஆனால் இந்தக் குடும்பத்தின் தொழிலில் அது ஒத்தாசையாக இருக்கலாம். பள்ளி விட்ட பிறகு, லீவு நாளில், ஆபத்தில்லாத வேலையாக.

எங்கள் மணப்பாறையில் யார் யாருக்கு மாமா இல்லை? டீக்கடைக்காரர் மாமா. வட்டிக்குக் கொடுத்தவர் மாமா. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிற தரகர் கண்டிப்பாக மாமா. லேபர் இன்ஸ்பெக்டர் வந்து நின்றால், "மாமாவுக்கு ஒத்தாசை பண்றான் சார்" என்ற ஒரு வரி போதும். அவரும் யாருக்கோ மாமாதானே.

எங்கள் முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரிசி மாவு, எள், ஓமம், சீரகம், இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு, இரண்டு தடவை எண்ணெயில் போடுகிற பக்குவம் என்று பெருமைகள் பல. வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில். சுற்றிய அளவுக்குத்தான் கூலி என்றால் வீட்டில் எத்தனை கை என்பதுதான் கணக்கு. இரண்டு கைக்கு அரை வயிறு என்றால் மூன்றாவது கையை யார் பள்ளிக்கு அனுப்புவார்கள்? அனுப்பினாலும் இரவு பத்து மணி வரை அடுப்படியில் இருந்த பிள்ளை காலையில் முதல் பீரியடில் தூங்கும். ஆசிரியர் வருகை போட்டுவிடுவார். மாணவன் வந்திருக்கிறான், முழிப்புதான் ஆப்சென்ட்.

1953இல் ராஜாஜி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். 1954இல் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், திட்டம் செத்தது. பாவம் மனிதர்! பள்ளி நேரத்தில் கை வைக்காமல், மாலை நேரத்தைக் கேட்டு, குலம் என்பதைக் குடும்பம் என்று மாற்றியிருந்தால் மாலை போட்டிருப்போம். வாசல் வழியாகத் துரத்தியது 63 வருடம் கழித்துப் புழக்கடை வழியாக உள்ளே வந்தபோது எத்தனை ஊரில் கொடி பிடித்தோம்?

14ஆவது பிறந்தநாள் ஏழை வீட்டில் இரட்டைக் கொண்டாட்டம். கட்டாயக் கல்விச் சட்டம் அன்றோடு கும்பிடு போட்டு விலகும். ஆபத்தான வேலை தவிர மற்ற வேலைக் கதவுகள் அன்றைக்கே திறக்கும். இவ்வளவு ஒற்றுமையாக நம் நாட்டில் வேறு எந்த இரண்டு சட்டம் வேலை செய்கிறது?

திருச்சி மாவட்டத்தில் காவிரி ஓடுகிறது. மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கம் வானத்தைப் பார்க்கிறது. மானாவாரிச் சோளம் காய்ந்தால், பக்கத்து வேடசந்தூரில் நூற்பாலைகள் காத்திருக்கின்றன. "மாப்ள, பெரியவ சும்மாதான இருக்கா?" என்று ஒரு மாமா வந்து உட்காருவார். மூன்று வருடம் மில்லில் இருந்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆச்சு என்பார். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, விடுங்கள். பெண்ணின் கூலியைப் பிடித்துவைத்து, அவளுக்கே சீராகத் திருப்பிக் கொடுப்பதை இவ்வளவு மங்களகரமாக வேறு எந்த நாட்டுக் களவாணியும் செய்ததில்லை.

சோறு போட்டால் பிள்ளை வரும் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவைத் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பிள்ளையின் தட்டை நிரப்பிய கை அப்பனின் கூலிக்கு வந்ததும் கூசுகிறது. காலை இட்லி பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும். வட்டிக்காரரை வாசலிலிருந்து அழைத்துப் போகாது.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அதில் பலர் முன்பே நின்றுபோனவர்கள், கொரோனாக் கால ஆல்-பாஸில் பெயர் மட்டும் மேலேறி வந்தது என்று விளக்கம் வந்தது. அருமையான விளக்கம்! பிள்ளை போய் இரண்டு வருடம் ஆனபின் நமக்குத் தெரிந்தது, ஹால் டிக்கெட் மிஞ்சியதால். மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். பிள்ளைக்கும் ஆதாரில் 12 இலக்கம், அதற்குமேல் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் எண். கட்டுத்தறியில் மாட்டைக் காணோம் என்றால் ராத்திரியே ஊர் முழுக்க டார்ச் அடித்துத் தேடுவோம்.

சட்டம் செய்த பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த திருத்தத்தில் உறவுப் பட்டியலில் மில் வேன் டிரைவரையும் சேர்த்துவிடுங்கள். அவர் எங்களுக்கு அண்ணன் முறை. உங்கள் பேரப்பிள்ளைகளையும் கோடை லீவில் அனுப்பி வையுங்கள். நீச்சல் வகுப்பும் நீட் கோச்சிங்கும் முடித்துவிட்டு வரட்டும். அடுப்படியில் ஒத்தாசைக்கு ஆள் தேவை. பயப்பட வேண்டாம், இங்கே எல்லோரும் மாமாதான்.