மண்ணுக்குள் ஒரு முள்கரண்டி

கேள்வி: வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது பச்சை பிடித்த முள்கரண்டி ஒன்று கிடைத்தது. பிடியில் ‘எஸ்.ஐ.ஆர்.’, பின்னால் நான்கு எழுத்து முத்திரை. சர் பட்டம் வாங்கிய யாரோ துரையின் வெள்ளிதானே?
(வாசகர், மேற்குத் தாம்பரம்)

பதில்: அந்த நான்கு எழுத்தும் ஈ.பி.என்.எஸ். என்றால் அடகுக்கடைக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்துக்கு மின்சாரத்தால் வெள்ளிப்பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாத்திரக்கடையில் ‘ஜெர்மன் சில்வர்’ என்பது இந்த அடி உலோகத்தைத்தான். அதில் சில்வர் பெயரில் மட்டும். பச்சைக் களிம்பு செம்பின் வேலை. ஸ்டெர்லிங் வெள்ளியிலும் கொஞ்சம் செம்பு உண்டு என்பதால் களிம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, முத்திரைதான் சொல்லும். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் இந்தப் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கியது 1840இல். அதற்கு முன்னால் உங்கள் கரண்டி பிறந்திருக்க வழியில்லை. கிரீட முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1890களோடு சரி, ஷெஃபீல்டு அசல் வெள்ளியின் அடையாளம் என்று பூச்சுக்காரர்கள் அதைக் கைவிட வேண்டி வந்தது. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பொதுவாக 1891க்குப் பிந்தியது. ஒரே கரண்டியில் பல தடயம் இருந்தால் ஆகப் பிந்தியதை நம்புங்கள். எஸ்.ஐ.ஆர். துரையுமல்ல, வாக்காளர் பட்டியல் திருத்தமுமல்ல. ரயில்வே காலனி இருக்கும் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது சவுத் இந்தியன் ரயில்வே. 1951இல் அது தெற்கு ரயில்வேக்குள் போய்விட்டது.

கேள்வி: நாலடி ஆழத்தில் கிடைத்ததே, அப்போது இன்னும் பழசாக இருக்காதா?

பதில்: ஆழம் வயதாகாது. பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியை எடுத்தது சரளைக்கல் வெட்டிய பள்ளத்தில். அதன் வயதையும் பள்ளத்தின் ஆழம் மட்டும் சொல்லவில்லை. உங்கள் மனையிலோ குப்பைக்குழி வெட்டியிருக்கலாம், எந்த ஏரி மண்ணையோ லாரியில் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருக்கலாம். கரண்டி செய்த ஆண்டும் புதைந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது வருஷம் ஆம்லெட் குத்திய பிறகும் தொலைந்திருக்கலாம்.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா? கலெக்டருக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: தேய்த்தால் மயிரிழையிலும் மெல்லிய பூச்சோடு முத்திரையும் போகும், தண்ணீரில் அலசினால் போதும். 1878ஆம் வருஷப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இன்று பத்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் கரண்டியே ஒரு கட்டு வராது.