யாரை நம்புவது?

கேள்வி: எங்கள் பொட்டிபுரத்தில் இரண்டு கட்டட கான்ட்ராக்டர்கள். ஒருவருக்கு லைசென்ஸே இல்லை என்கிறார் மற்றவர். யாரிடம் வீட்டு வேலையைக் கொடுப்பது?
— வாசகர், பொட்டிபுரம்

பதில்: வாய்ப்பேச்சை விடுங்கள், காகிதத்தைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50,000 டன் காந்த இரும்போடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. காரணம், கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அங்கிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மலையைக் குடைய வந்தவர்களிடமே காகிதம் கேட்ட ஊர் உங்களுடையது; சுவர் எழுப்புகிறவரிடம் கேட்க என்ன கூச்சம்? பதிவு எண், வகை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் சான்று வழங்கிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள். புகார் சொன்னவரின் சான்றையும் சேர்த்துத்தான்!