கழிவு பார்த்த கண்

மகனும் மருமகளும் துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கிறார்கள். பேரன் முக்கூடலில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறான். அவனை அங்கே வரவழைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கென்றே தாமிரபரணிக் கரையில் ஒரு பிறவி உருவாகியிருக்கிறது. அதுதான் விசா தாத்தா. சட்டைப் பையில் பேரனின் வெள்ளைப் பின்னணிப் போட்டோ எந்நேரமும் இருக்கும். கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். காற்றில் தாள் பறந்துவிடும். இந்தத் தாத்தாக்களில் தலைசிறந்தவர் பீடிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது என் கட்சி. பெண்கள் மடியில் தட்டை வைத்து நாளெல்லாம் சுற்றிய பீடியை எடுத்துப் பார்த்து, ஒன்று தளர்ந்திருக்கிறது, ஒன்றில் தூள் குறைவு என்று கழிவு ஒதுக்கி, ஊர்ப் பெண்களிடம் காலமெல்லாம் ஏச்சு வாங்கியவர் அவர். விசா அதிகாரியும் எதைக் கழிக்கலாம் என்று பார்த்துத்தான் ஃபைலைப் புரட்டுகிறார். தொழிலாளி தொழிலாளியை அறிவான்.

முதல் கழிவு பெயரிலேயே கிடைக்கும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 'ஆண் குழந்தை' என்பதோடு நிற்கும். நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் முடிவாவதற்குள் குலதெய்வம், சோதிடர், தாய்மாமன் என மூன்று கட்சிகள் சமாதானமாக வேண்டும். பதிவேடு அதுவரை காத்திருக்காது. பதிவு செய்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுப்பதால் குடும்பமும் அவசரப்படுவதில்லை. பிறகு பள்ளியில் ஒரு எழுத்துக்கூட்டு, ஆதாரில் இன்னொன்று, நியூமராலஜிக்காரர் ஒட்டவைத்த உபரி 'ஏ' தனி. இவற்றுக்கு மேல் இனிஷியல். தகப்பன் பெயரின் தலையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறைகளாகப் பிழைத்தவர்கள் நாம். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலரும் கலங்கினார்கள். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்த பிறகும் நம் தாத்தா சமாதானமாகவில்லை. பேரனுக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிய பிறகே தூங்கினார். (ஊருக்கே இந்தத் தொல்லை உண்டு. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் சீவலப்பேரிப் பக்கத்தில் இருக்கிறது. இந்த முக்கூடல் வேறு. நல்லவேளை, ஊருக்கு யாரும் விசா கேட்பதில்லை.)

அடுத்தது பாஸ்போர்ட். சிறுவர் பாஸ்போர்ட்டின் ஆயுள் பொதுவாக 5 வருடம்தான். இரண்டு வயதில் ஆசையாக எடுத்தது, ஏழு வயதில் விசா கேட்கும் நேரம் பார்த்துக் காலாவதியாகும். புதுப்பிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். வளர்ப்பது யாரானாலும், சட்டத்தின் கண்ணில் பெற்றவர்கள் கையெழுத்துதான் கையெழுத்து. பல்லாயிரம் பேர் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிற மகன், அந்தப் பத்திரத்தை மட்டும் வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்புவார். அப்போதுதான் தாத்தாவின் குரல் தெருமுனை வரை கேட்கும்: "ஏல, ஒரிஜினலை அனுப்புன்னா போட்டோவ அனுப்பிட்டுக் கெடக்க? நான் என்ன அதுக்கு மாலையா போட?"

முத்திரைகளிலும் அவர் புலி. வெளிநாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையோடு ஏற்கும் நாடுகளின் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமனும் உள்ளே இருப்பதால் அங்கு போகும் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரு முத்திரை போதும். அமீரகம் அதில் இல்லை. அதனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று தாள் படியேற வேண்டும். துபாய்க்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு உண்மையில் கிடைப்பது தகப்பனை ஸ்பான்சராகக் கொண்ட குடும்ப விசா. அதற்குத் தகப்பன் சம்பளம் 4,000 திர்ஹாமோ, வீட்டு வசதியோடு 3,000 திர்ஹாமோ இருக்க வேண்டும். ஆனாலும் தெருவில் அது 'படிப்பு விசா'தான். கனடாதான் நிஜமாகவே படிப்பு அனுமதி கேட்கிறது. வேலை அனுமதியில் இருக்கும் பெற்றோரிடம் போகிற சிறுவனுக்கு, அங்குள்ள பள்ளியின் சேர்க்கைக் கடிதம் கட்டாயமில்லை. இந்தச் சலுகையைத் தாத்தா சந்தேகத்தோடு பார்க்கிறார். ஒரு தாள் வேண்டாம் என்று சர்க்கார் சொன்னதாக அவர் அனுபவத்தில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளூர்ப் பள்ளியின் போனஃபைடு சர்ட்டிபிகேட்டை வைத்துவிடுவார்.

எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, இவர் எதற்கு என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் சென்டர் பையன் எதைக் கொடுத்தாலும் ஏற்றிவிடுவான். ஆறு தாளில் ஆறு விதமாக இருக்கும் பெயரைக் கண்டுபிடிப்பது அவன் வேலை இல்லை. ஏஜென்டிடம் விடலாமே என்றால், விசா நிராகரிக்கப்பட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? கட்டணம் வாங்கியாயிற்று. உண்மையிலேயே யோசிக்க வேண்டிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: பேரனைப் பிரிய மனமில்லாமல் இவரே இழுத்தடிக்கிறார் என்று மருமகள் சொல்வது. அமீரகத்து இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும். நம் பிள்ளைகள் முழுப்பரீட்சை எழுதுவதே ஏப்ரலில்தான். பரீட்சை முடியாமல் டி.சி. வாங்கக் கூடாது என்று தாத்தா அடம்பிடிக்கும்போது மருமகள் சொல்வதில் நியாயம் தெரியும். ஆனால் கனடாவில் பள்ளி திறப்பது செப்டம்பரில். அங்கே அவருக்குச் சாக்கு எதுவும் இல்லை. அந்த ஃபைலும் சித்திரை பிறப்பதற்குள் தயாராகத்தான் இருக்கிறது. ஆக, பாசம் இருக்கலாம். அதை ஃபைலுக்குள் வைத்துத் தைக்கிற ஆள் அவர் இல்லை.

எனவே வெளிநாட்டில் இருக்கும் மகன்களே, மருமகள்களே, "அப்பா, என்னாச்சு?" என்று தினமும் போன் போடாதீர்கள். தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, அசல் பத்திரத்தைக் கூரியரில் அனுப்புங்கள்.