மிளகு வராத மூக்கு

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனுக்கு நம்மிடம் பழமொழி இருக்கிறது. கொல்லன் தெருவிலேயே பிறந்துவிட்டு, ஊசியைப் பார்க்க வேறு மாநிலத்துக்கு ரயிலேறியவனுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலி இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

ஊர் கம்பத்துக்குப் பக்கம் சுருளிப்பட்டி. அப்பாவுக்கு இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். மற்ற சீமைகளில் வருஷத்துக்கு ஒருதரம் பழம் பார்ப்பார்கள்; எங்கள் பள்ளத்தாக்கில் எந்த மாதம் வந்தாலும் யாராவது ஒருவர் பந்தலில் கொத்துத் தொங்கும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்று ஊரில் சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பாவுக்கு போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். "குறியீடு குடுத்துட்டாங்க, சரி. விலை எப்பக் குடுப்பாங்களாம்?" என்றார்.

நான் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்த்தது கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில். 2018 ஜனவரியில் மேனேஜர் கூப்பிட்டு, "நாசிக்ல ஒரு ஒயினரிக்குப் பம்பு மாட்டணும். மூணு நாள் வேலை" என்றார். அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

நாசிக்கில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. வெயில் ஏறுவதற்குள் பழம் குளிர்ச்சியாக வந்து சேர வேண்டும் என்று விடியுமுன்னே வெட்டுவார்கள். முதல் டிராக்டர் வந்ததும் என் பம்பை ஓடவிட்டேன். கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் உற்சாகத்தோடு அது ஷிராஸ் பழத்தின் தோலையும் சாற்றையும் விதையையும் உறிஞ்சித் தொட்டிக்குத் தள்ளியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினாள். குடுவைக்குள் உடைந்த விதைகள். திராட்சை விதை உடைந்தால் அதிலிருக்கும் கசப்பும் முரட்டுத் துவர்ப்பும் ஒயினில் இறங்கிவிடுமாம். வெள்ளை ஒயின் என்றால் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்கவிடுவார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சாற்றோடு கிடந்து ஊற வேண்டும். ஆகவே பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது மாதிரி மெதுவாகத் தள்ளுகிற பம்பு வேண்டும். நான் மாட்டியிருந்ததோ கரும்பு லாரி.

மன்னிப்புக் கேட்டேன். இந்தியில். தமிழனுக்கு இந்தியில் வராதது ஆண்பால் பெண்பால். அன்றைய மன்னிப்பில் பம்பு பெண்பாலாகவும் அவள் ஆண்பாலாகவும் போய்விட்டார்கள் என்று பிறகு சொன்னாள். கோபம் பாதியில் நின்றதற்கு என் பணிவு காரணமில்லை, இலக்கணம்தான் காரணம்.

வேறு பம்பு வருகிறவரை அங்கேயே இரு என்றார்கள். இருந்தேன். பம்பு வந்தபின், அறுவடை முடியும்வரை இரு என்றார்கள். அதற்கும் இருந்தேன். கோயம்புத்தூர் மேனேஜர் போன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒயின் வேலை என்றால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோப்பையைச் சுழற்றுவது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கழுவித்தான் எடுத்தார்கள். தொட்டியைக் கழுவு. குழாயைக் கழுவு. குழாயைக் கழுவிய தொட்டியைக் கழுவு. தரையைக் கழுவு, தரையைக் கழுவிய துடைப்பத்தைக் கழுவு. புளிக்கும் சாற்றில் தோலெல்லாம் மேலே வந்து பாய் விரித்த மாதிரி நிற்கும். அதை நாளுக்கு இரண்டு மூன்று தடவை உள்ளே அமுக்கிவிட வேண்டும், அப்புறம் அமுக்கிய கட்டையைக் கழுவ வேண்டும். அந்தச் சமயம் தரகர் ஒருவர் அம்மாவிடம் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். சாராயக் கம்பெனி என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "திராட்சை கழுவுறாக" என்று சொல்லிவிட்டாள். தரகர் அதன்பின் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. (உண்மையில் நாங்கள் கழுவாத ஒரே பொருள் திராட்சைதான். கழுவினால் சாறு நீர்த்துவிடும்.)

இரண்டாம் வருஷம் சுவை பார்க்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் ஒரு மணச் சக்கரத்தைக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்கிற அம்மையார் 1980-களில் உருவாக்கியது. பார்க்க ஜாதகக் கட்டம் மாதிரியே இருக்கும். ராசிக்குப் பதில் பிளாக்கரன்ட், ராஸ்ப்பெரி, வயலட் பூ. இதில் ஒன்றையாவது கம்பம் உழவர் சந்தையில் யாரும் கூறு கட்டி விற்றதில்லை. சாவின்யான் பிளாங்கை முகர்ந்துவிட்டு ஆசிரியர் "கூஸ்பெரி" என்றார். எனக்குத் தெரிந்த கூஸ்பெரி நெல்லிக்காய். நம்பிக்கையோடு கையைத் தூக்கி, "பச்சையா, ஊறுகாய் போட்டதா?" என்று கேட்டேன். அவர் சொன்னது ஐரோப்பாவில் காய்க்கும் வேறொரு காய். எனக்கு அந்தக் கோப்பையில் வந்தது கொய்யா. நடுவில் லேசாக அறுத்த கொய்யா. அப்படியும் சொல்லலாம் என்று ஆசிரியர் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

ஆனால் அதே சக்கரத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கேதான் என் உறவுக்காரர்கள் எல்லோரும் குடியிருந்தார்கள். மண்ணெண்ணெய், அழுகிய முட்டை, நனைந்த அட்டை, ஈர நாய். வருஷங்கள் போன ரீஸ்லிங் ஒயினில் பெட்ரோல் வாசனை வரும். வகுப்பில் மற்றவர்கள் தேனா எலுமிச்சையா என்று யோசித்துக்கொண்டிருக்க, நான் "கார்புரேட்டர்" என்றேன். கார்க்கில் டி.சி.ஏ. என்ற ரசாயனம் சேர்ந்துவிட்டால் ஒயினில் ஈர அட்டை வீச்சம் அடிக்கும். மழையில் நனைந்த திராட்சைப் பெட்டிகளோடு சின்ன வயதில் எத்தனை ராத்திரி லாரிக்குக் காத்திருந்திருக்கிறேன்! மூடியைத் திறந்ததுமே சொல்லிவிட்டேன். ஈஸ்டுக்குச் சத்துப் பற்றாமல் போனால் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். ஆய்வகத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

நல்லதைச் சொல்லத் தெரியாது, குறை என்றால் கூப்பிடு தூரத்திலேயே பிடித்துவிடுவான். எங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. கல்யாணப் பந்தியில் முதல் வாய்ச் சோற்றிலேயே "ரசத்துல பருப்பு தீஞ்சிருக்கு" என்று அறிவிக்கும் பெரியப்பாவின் ரத்தம்தான். அவருக்கு அதனால் பந்தியில் இடம் போனது. எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை கிடைத்தது.

தலைகுனிவு வந்தது ஷிராஸில்தான். நாசிக் முழுக்க அதை முகர்ந்தவுடன் "மிளகு, மிளகு" என்கிறார்கள். எனக்கு வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் குமுளி. ஏறி இறங்கினால் மிளகுக் கொடி. மிளகுக்குக் கீழே பிறந்தவனுக்கு மிளகு வரவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? ஒரு வாரம் எல்லோரோடும் சேர்ந்து "ஆமாம், மிளகு" என்று தலையாட்டினேன். ஆய்வகத்துக்காரி கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் இரண்டு கோப்பைகளை நீட்டி எதில் மிளகு என்றாள். தைரியமாக ஒன்றைக் காட்டினேன். இரண்டிலும் ஷிராஸ் இல்லை.

நான் வேலை போச்சு என்று நிற்க, அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்கு ரோட்டண்டோன் என்று ஒரு பொருள் காரணம், 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது, கருமிளகிலும் அதேதான் இருக்கிறது, அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு கலந்தாலும் தெரியவே இல்லை என்றாள். "உன்மேல் தப்பில்லை. அந்த ஒரு ஜன்னல் உனக்குப் பிறவியிலேயே சாத்தியிருக்கிறது."

ஒரு பெண் என்னைப் பார்த்து "உன்மேல் தப்பில்லை" என்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று சாயங்காலம் அவளோடு மிசல் சாப்பிடப் போனேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். நான் திருத்தவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதாள். அப்பா ஒரு மாதம் மழையைப் பற்றி மட்டும் பேசினார். கடைசியில் ஒரு பிப்ரவரியில் "தோட்டம் பாக்க வர்றேன்" என்று புறப்பட்டு வந்தார். பெண் பார்க்க என்று சொல்லவில்லை. அவளும் விவரமானவள். கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போய் எதை எப்போது கவாத்து செய்கிறோம், சர்க்கரையை எப்படி அளக்கிறோம் என்று காட்டினாள். நான் நடுவில் மொழிபெயர்ப்பு. பேச்சோடு பேச்சாக, உங்கள் பன்னீர் திராட்சைக்கு ஒயின் உலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர், அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, இன்னொன்று ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஸ்கியாவா கிராஸா, மரபணுச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது என்றாள். அப்பா கொஞ்ச நேரம் ஒரு கொத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ரெண்டும் வேற வேற ஊரா?"

"வேற வேற நாடுப்பா."

"ஜாதகம் பாத்தாங்களாமா?"

நான் மொழிபெயர்ப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அவளுக்கு எவ்வளவு தமிழ் புரிகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சுவைக் கூடத்தில் அவள் ஒரு கோப்பை ஷிராஸ் ஊற்றி அப்பா முன் வைத்தாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "குடிக்கிற பழக்கமில்லம்மா. வேணா மோந்து பாக்குறேன்." குனிந்தார். ஒருதரம் இழுத்தார். இன்னொருதரம் இழுத்தார்.

"ஏம்மா, இதுல மிளகு போட்டிருக்கீகளா? அந்தக் காலத்துல குமுளியில மிளகு மண்டியில வேல பாத்தேன். அந்தச் சாக்கப் பிரிச்சா இப்பிடித்தான் அடிக்கும்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அடுத்த பாட்டிலைத் திறந்தாள். இருவரும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வேலை இருந்தது. கோப்பைகளைக் கழுவப் போனேன்.